சொன்னால் வந்துவிடுவாய்

தியாகராய நகர், சென்னை
18 ஜூன் 2023

அன்புள்ள ப்ரியாவுக்கு, அண்ணி பங்கஜம் எழுதுவது.

நீ லீட்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டாய், தங்க அறையும் கிடைத்துவிட்டது என்று உன் அண்ணன் சொன்ன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. உடம்பு எப்படி இருக்கிறது? அங்கே ஜூன் மாதத்திலும் குளிருமாமே. இங்கே நாங்கள் எல்லோரும் நலம். கத்திரி போன பிறகும் வெயில் மட்டும் போக மாட்டேன் என்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் பேசி முடித்த பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உன் பிள்ளை சரண் ஃபோனை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கவரைக் கழற்றிப் பார்த்தான். பிறகு கட்டிலுக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால், கீழே கடையில் துணி ரோல்களுக்கு நடுவே என்று எல்லா இடத்திலும் தேடினான். நீ எங்கும் இல்லை என்றதும் தலையைச் சுவரில் முட்ட ஆரம்பித்தான். உன் அண்ணன் சுவருக்கும் அவன் தலைக்கும் நடுவில் தன் கையை வைத்துக்கொண்டு வெகு நேரம் நின்றார்.

அடையாறு சிறப்புப் பள்ளி டீச்சர் கமர் ஜஹானிடம் கேட்டேன். "கொஞ்ச நாளைக்கு வீடியோ வேண்டாங்க. குரல் இருக்கு, ஆள் இல்லைன்னா அவனுக்கு அது புரியல. பயமாத்தான் இருக்கும்" என்றார்கள்.

நீயும் நானும் தனியாகப் பேசலாம் என்றால், ஹலோ சொன்னதும் நீ அழுகிறாய், உடனே நானும் அழுகிறேன், யாருக்கும் ஒரு விஷயமும் தெரிவதில்லை. அதனால் கடிதம் எழுதுவோம். கடிதத்தில் அழுதால் மை கலையும், அவ்வளவுதான்.

நீ போவதற்கு முன் சில மாதம் பிள்ளைகளோடு இங்கே வந்து இருந்தது நல்லதாகப் போயிற்று. வீடு அவர்களுக்குப் புதிதில்லை. கீழே லைனிங் துணிக் கடை, மேலே நாம், மத்தியானம் கடைப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் சமையல், முகூர்த்த மாதத்தில் கல்யாண ஜவுளி எடுக்க வந்து தங்கும் விருதுநகர்ச் சொந்தங்கள் என்று நம் வீட்டுச் சத்தம் உனக்குத் தெரியும். இந்தச் சத்தத்தில் இவர்கள் இருவரும் எப்படி இருப்பார்கள் என்று நீ பயந்தாய். இருப்பார்கள். நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஷ்ரேயா நன்றாக இருக்கிறாள். தயிர் சோறும் இட்லியும் சாப்பிடுகிறாள். நிஷா ப்ளஸ் டூ வகுப்புக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். அத்தையைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

உன் நலத்தை எப்போதும் வேண்டும்
அண்ணி.


லீட்ஸ்
9 ஜூலை 2023

அன்பு அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மருத்துவமனைக்குப் போகும் பஸ்ஸில் படித்தேன், திரும்பி வரும்போதும் படித்தேன். நான் நலமாக இருக்கிறேன். அண்ணனுக்கும் நிஷாவுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். அண்ணன் கை வீங்கியதா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் சரண் எவ்வளவு பலமாக முட்டுவான் என்று எனக்குத் தெரியும்.

வேலை கடினம்தான், ஆனால் பழகிவிடும். என்னோடு அறையில் இருக்கும் பெண் கோட்டயத்துக்காரி. கப்பை என்று மரவள்ளிக் கிழங்கை வேகவைத்துத் தருகிறாள்.

அண்ணி, ஒன்று சொல்ல வேண்டும். வந்த முதல் வாரம் நான் தூங்கினேன். ஷ்ரேயா பிறந்த பிறகு அப்படித் தூங்கியதே இல்லை. எழுந்தபோது யாரோ என்னை அடித்ததுபோல் இருந்தது. நல்ல தாய்க்கு அப்படித் தூக்கம் வருமா?

குருபிரசாத் என்னையும் பிள்ளைகளையும் விட்டுப் போனபோது "என்னால முடியல" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். அவரை நான் எவ்வளவு திட்டினேன். இப்போது பிள்ளைகளைப் பிரிந்து இத்தனை தூரத்தில் இருப்பவள் நான்.

ஒரு வருடம் பொறுத்துக்கொள்ளுங்கள். இங்கே வீடும் பள்ளிக்கூடமும் பார்த்து இருவரையும் அழைத்துக்கொள்கிறேன். சரண் புதிதாக என்ன சொல்கிறான் என்று எழுதுங்கள். ஒரு வார்த்தை விடாமல் எழுதுங்கள்.

உங்கள்
ப்ரியா


தியாகராய நகர்
27 ஆகஸ்டு 2023

ப்ரியா கண்ணு,

சுகம்தானே? இங்கே சுகம். உன் அண்ணன் கைக்கு ஒன்றும் இல்லை. அயோடெக்ஸ் தடவிக்கொண்டு மூன்றாம் நாளே துணி கிழிக்கப் போய்விட்டார்.

தூங்கியதற்காக யாரும் அழுவார்களா? இனிமேல் நன்றாகத் தூங்கு. நான் எழுதும் கடிதத்தில் அந்தப் பேச்சு வேண்டாம்.

சரண் சொல்வதை எழுதச் சொன்னாயே, எழுதுகிறேன். உன் அண்ணனை அவன் "முதலாளி" என்று கூப்பிடுகிறான். கடைப் பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டுப் பிடித்துக்கொண்டான். என்னை "அண்ணி" என்கிறான். நீ என்னைக் கூப்பிடுவாயே, அதே இழுப்பு, அதே குரல். முதல் நாள் கேட்டபோது நீதான் வந்துவிட்டாய் என்று கரண்டியோடு திரும்பினேன். "அத்தை சொல்லுடா" என்று நிஷா சொல்லிக் கொடுத்தாள். "அத்தை சொல்லுடா" என்று அவனும் திருப்பிச் சொன்னான். விட்டுவிட்டோம். எனக்கு அண்ணியே போதும்.

பக்கத்து ஜவுளி மாளிகையின் ஒலிபெருக்கியில் வருவதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். சாப்பிட உட்கார்ந்தால் "பட்டுச் சேலைகள் இரண்டாம் தளம்" என்கிறான். போன வாரம் வந்திருந்த விருதுநகர்ப் பெரியப்பா நிஜமாகவே எழுந்து மாடிக்குப் போகப் பார்த்தார்.

மிக்ஸியை மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டேன். குக்கர் விசில் ஷ்ரேயாவுக்கு ஆகவில்லை, அதனால் சோறு வடிக்கிறேன். உன் அண்ணன்தான் பெரிய பிரச்சினையாக இருந்தார். ஈக்காட்டுத்தாங்கல் சாயப் பட்டறைக்காரரிடம் ஃபோனில் பேசினால் அந்த ஈக்காட்டுத்தாங்கலுக்கே நேராகக் கேட்கும் அல்லவா. இப்போது குரலைத் தணித்துப் பேசுகிறார். "அண்ணாச்சிக்கு உடம்பு சரியில்லையா?" என்று பட்டறைக்காரர் வீட்டுக்கே வந்து விசாரித்தார்.

அடையாறு போக வர தௌசீஃப் தம்பியின் ஆட்டோவை ஏற்பாடு செய்திருக்கிறோம். நந்தனம் சிக்னலில் வண்டி நின்றால் ஷ்ரேயாவுக்குப் பொறுக்காது, அலறுவாள். அந்தத் தம்பி ஒரு நாள், "அக்கா, பாப்பாவுக்கு நிக்கறதுதான் புடிக்கல போலகீது. சுத்தினு போனாலும் நிக்காத போலாம், நீ கவலப்படாத" என்று சந்து சந்தாக ஓட்டிக்கொண்டு போனது. நேரம் கொஞ்சம் அதிகம். அலறல் இல்லை.

எல்லா நாளும் இப்படி இல்லை. ஆனால் இப்படியும் இருக்கிறது.

அன்புடன்
அண்ணி


லீட்ஸ்
15 அக்டோபர் 2023

அன்பு அண்ணிக்கு,

நலம். உங்கள் எல்லோருடைய நலமும் அறிய ஆவல். பதில் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். வார்டில் ஆள் குறைவு, கூடுதல் ஷிஃப்டு பார்க்கிறேன்.

சரண் "அண்ணி" என்கிறான் என்பதைப் படித்து பஸ்ஸில் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் இடம் மாறி உட்கார்ந்துவிட்டார். அவனுக்கு முடி வெட்டினீர்களா? கத்திரிச் சத்தத்துக்குப் பயப்படுவான். பாடிக்கொண்டே வெட்டினால் கொஞ்சம் நிற்பான். பள்ளியில் பென்சில் பிடிக்கிறானா? பல் விழுந்துவிட்டதா?

ஷ்ரேயா சாப்பிடுகிறாள் அல்லவா?

தீபாவளிக்கு வெடிச் சத்தம் வரும். அன்றைக்கு இருவரையும் எங்கே வைத்துக்கொள்வீர்கள்?

உங்கள்
ப்ரியா


தியாகராய நகர்
17 டிசம்பர் 2023

அன்புள்ள ப்ரியா,

புயல் செய்தி பார்த்துப் பதறியிருப்பாய். நாங்கள் எல்லோரும் நலம். நீயும் நலமாக இரு.

முதலில் தீபாவளி. இரண்டு நாள் முன்பே பாலவாக்கத்தில் என் தங்கை வீட்டுக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டேன். அங்கே கடல் சத்தத்தில் வெடிச் சத்தம் அவ்வளவாகத் தெரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து தீபாவளி அன்று உன் அண்ணன் கடையைவிட்டு எங்கும் போனதில்லை. சரணோடு அலையில் நின்று வேட்டியை நனைத்துக்கொண்டார்.

பிறகு புயல். கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். கீழ் அடுக்குத் துணியெல்லாம் போயிற்று. கரண்ட் இல்லை, ஃபோன் இல்லை. நான் பயந்தது பிள்ளைகளை நினைத்துத்தான். ஆனால் நடந்தது வேறு. தெருவில் ஒரு வண்டி இல்லை, ஒலிபெருக்கி இல்லை, ஃப்ரிட்ஜ்கூடப் பேசவில்லை. தி. நகர் இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. ஷ்ரேயா காதிலிருந்து கையை எடுத்துவிட்டு வீடு முழுக்க நடந்தாள். இந்த வீட்டில் இத்தனை மாதமாக அவளுக்கு எவ்வளவு கேட்டுக்கொண்டிருந்தது என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது.

உன் அண்ணன் நனைந்த துணியை நினைத்து மாடிப்படியில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். அவள் இறங்கிப் போய் அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள். யார் தொட்டாலும் விலகுகிறவள் தானாகப் போய் உட்கார்ந்தாள். அவர் ஏதோ முனகினார். உடனே அவர் தொண்டையில் தன் உள்ளங்கையை வைத்தாள். அந்த அதிர்வு பிடித்துவிட்டது போல. பேச்சை நிறுத்தினால் கையால் தட்டுகிறாள். என்ன பேசுவது என்று தெரியாமல் உன் அண்ணன், "பாப்ளின், ரூபியா, மல், காடா" என்று கடைச் சரக்கையெல்லாம் மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். சரக்கு தீர்ந்ததும் முதலிலிருந்து ஆரம்பித்தார். அவர் கண்ணில் தண்ணீர். துணி போனதற்கு என்று சொன்னார். நான் நம்பியதாகக் காட்டிக்கொண்டேன்.

சரணுக்கு இரண்டு பல் விழுந்தது. இரண்டையும் ஓட்டின் மேல் எறியாமல் பையில் வைத்துக்கொண்டு திரிகிறான்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

அண்ணி


லீட்ஸ்
15 ஜனவரி 2024

அன்பு அண்ணிக்கு,

எல்லோருக்கும் பொங்கல் வாழ்த்து. கோட்டயத்துக்காரியும் நானும் அரிசி, வெல்லம் வாங்கிப் பொங்கல் வைத்தோம். பொங்கவில்லை, குழைந்துவிட்டது. சாப்பிட நன்றாகத்தான் இருந்தது.

அண்ணன் தொண்டையில் ஷ்ரேயா கை வைத்ததை எத்தனை முறை படித்தேன் என்று கணக்கில்லை. சந்தோஷம்தான் அண்ணி. அவள் என்னிடம் அப்படி வந்து உட்கார்ந்ததில்லை. கிளம்பிய அன்று டாக்ஸி வந்தபோது நான் குனிந்து அவளைக் கூப்பிட்டேன். அவள் ஜன்னல் கம்பியைத் தடவிக்கொண்டு நின்றாள். திரும்பவே இல்லை. நான் இருந்தாலும் போனாலும் அவளுக்கு ஒன்றுதான் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்படி நினைத்தால்தான் இங்கே வேலை செய்ய முடிகிறது.

இன்னொரு விஷயம். இங்கே வீடும் பள்ளியும் பார்த்துவிட்டேன். நான் ஷிஃப்டுக்குப் போனால் பிள்ளைகளோடு இருக்க ஆள் இல்லை. ஒரு வருடம் என்று சொன்னது நடக்காது போலிருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் இப்படிப்பட்ட பிள்ளைகளைத் தங்க வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருப்பதாக வார்டில் ஒரு அக்கா சொன்னார். நல்ல இடமாம். விசாரிக்கலாமா? உங்களை எத்தனை நாள்தான் கட்டிப் போடுவது?

அண்ணி, நிஷா எப்படி இருக்கிறாள்? உங்கள் போன கடிதத்தை மறுபடி பார்த்தேன். தீபாவளியில் அவள் இல்லை, புயலிலும் இல்லை. ஒரு வரிகூட இல்லை.

உங்கள்
ப்ரியா


தியாகராய நகர்
11 பிப்ரவரி 2024

அன்புள்ள ப்ரியா,

நலம், நலமே விளைக.

சரண் இப்போது அவன் பெயரை எழுதுகிறான். "ச" தலைகீழாக விழுகிறது, மற்றதெல்லாம் சரி. காகிதத்தைக் கமர் ஜஹான் டீச்சர் கடிதத்தோடு வைத்து அனுப்பச் சொன்னார்கள், வைத்திருக்கிறேன். ஷ்ரேயா இட்லிக்குத் தேங்காய்ச் சட்னி தொட்டுக்கொள்கிறாள். வெள்ளையாக இருப்பதை மட்டும்தான் தொடுவாள், சட்னியும் வெள்ளைதானே என்று எனக்கு இத்தனை நாள் தோன்றவில்லை. அரைக்கும்போது நான் மாடிக்குப் போனால் அவளும் கதவு வரை வருகிறாள்.

கடையில் அடுக்குகளை உயர்த்திக் கட்டியாயிற்று. மாசி முகூர்த்தத்துக்கு வியாபாரம் பரவாயில்லை. மயிலாப்பூரில் தெப்பம் பார்க்க சரணைக் கூட்டிக்கொண்டு போனேன். கூட்டத்தில் காதைப் பொத்திக்கொண்டு நின்றான், ஆனால் தெப்பம் மூன்று சுற்று வரும்வரை வீட்டுக்கு வர மாட்டேன் என்றான்.

நிஷா நன்றாகப் படிக்கிறாள். மார்ச்சில் பரீட்சை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி


லீட்ஸ்
20 பிப்ரவரி 2024

அன்புள்ள நிஷா,

இதை உன் பள்ளிக்கூட முகவரிக்கு அனுப்புகிறேன், பயப்படாதே. பரீட்சை நன்றாக எழுது. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? நேரத்துக்குச் சாப்பிடு. பரீட்சை முடிந்த பிறகு, உனக்கு மனமிருந்தால், எனக்குப் பதில் எழுது.

ஒன்றே ஒன்றுதான் தெரிய வேண்டும். நீ எங்கே உட்கார்ந்து படிக்கிறாய்?

அன்புடன்
ப்ரியா அத்தை


பாலவாக்கம்
24 மார்ச் 2024

அன்புள்ள அத்தைக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பரீட்சை முடிந்தது. கெமிஸ்ட்ரி தவிர எல்லாம் நன்றாக எழுதியிருக்கிறேன்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இந்தக் கடிதத்தின் மேலேயே இருக்கிறது. தீபாவளிக்கு எல்லோரும் சித்தி வீட்டுக்கு வந்தோம். அவர்கள் திரும்பிப் போனார்கள், நான் இங்கேயே இருந்துவிட்டேன்.

சரண் என் பிசிக்ஸ் ரெக்கார்டைக் கிழித்துவிட்டான். வேண்டுமென்று இல்லை, தாள் கிழியும் சத்தம் அவனுக்குப் பிடிக்கும். எனக்கும் அது தெரியும். ஆனாலும் அவனை அடித்துவிட்டேன் அத்தை. அவன் அழவில்லை. "அடிக்காத நிஷா, தப்பு நிஷா" என்று அம்மா குரலில் சொன்னான். அன்றைக்கே எனக்கு அந்த வீட்டில் இருக்கப் பயம் வந்துவிட்டது. அவனைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. இங்கே இருந்து படிக்கிறேன் என்று சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் என் துணியை மடித்துப் பையில் வைத்தார்கள். வாரா வாரம் மீன் குழம்பு கொடுத்து அனுப்பினார்கள். ஒரு நாள்கூட வா என்று சொல்லவில்லை.

அம்மாவை நீங்கள் தப்பாக நினைக்கக் கூடாது என்பதற்காக இதையும் எழுதுகிறேன். ஐப்பசியில் விருதுநகர்ப் பெரியம்மா வந்திருந்தபோது, "இதுகள வீட்டுல வச்சுக்கிட்டு வயசுப் பிள்ளைக்கு எப்படி வரன் பாப்ப? யாரு வருவா?" என்று கேட்டார்கள். அம்மா இலையில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். "சாப்பிடுங்க அக்கா. சாப்பிட்டுட்டு இன்னைக்கு ராத்திரி ரயிலுக்கே கிளம்பிருங்க" என்றார்கள். குரல் உயரவே இல்லை. பெரியம்மா கிளம்பிவிட்டார்கள்.

செங்கல்பட்டு இல்லத்தைப் பற்றி நீங்கள் எழுதியதையும் அப்பா சொன்னார். அந்தக் கடிதத்தைப் படித்த அன்று அம்மா வீட்டிலிருந்த எல்லாத் திரைச்சீலையையும் கழற்றித் துவைத்தார்களாம்.

ஷ்ரேயாவை இல்லத்தில் விட்டால் அவள் தாங்குவாள் என்று எனக்குத் தோன்றவில்லை அத்தை. நீங்கள் போன புதிதில் எப்படி இருந்தாள் என்று உங்களுக்குத் தெரியும்தானே. நீங்கள் டூட்டி முடிந்து வரும் நேரத்துக்கு தினமும் மாடிப்படி கிரில் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். உள்ளே தூக்கிக்கொண்டு வந்தால் மறுபடி போய் நிற்பாள். ஆடி மாதம் முழுக்க அப்படித்தான். அம்மா பக்கத்திலேயே முறத்தை வைத்துக்கொண்டு அரிசி பொறுக்குவார்கள். கடைசியில் ஒரு நாள் அவளாகவே நிறுத்திவிட்டாள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை. கொஞ்சம் இருந்தது, இப்போது இல்லை.

இப்படிக்கு
நிஷா


லீட்ஸ்
14 ஏப்ரல் 2024

அன்பு அண்ணிக்கு,

புத்தாண்டு வாழ்த்து. நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் நலம்தானே?

நிஷாவிடமிருந்து கடிதம் வந்தது. அவளைக் கோபிக்காதீர்கள், நான்தான் கேட்டேன். எனக்குத் தெரியாதது இரண்டு இருந்தது. ஒன்று, அவள் பாலவாக்கத்தில் இருப்பது. இரண்டாவது, ஷ்ரேயா எனக்காகக் கதவில் நின்றது.

முதலாவதற்கு நான் தலைகுனிந்து நிற்கிறேன். உங்கள் மகளை வீட்டைவிட்டு அனுப்பி என் பிள்ளைகளுக்கு இடம் கொடுத்திருக்கிறீர்கள்.

இரண்டாவதை ஏன் சொல்லவில்லை அண்ணி? "ஷ்ரேயா நன்றாக இருக்கிறாள், இட்லி சாப்பிடுகிறாள்" என்று எழுதினீர்கள். நான் அதை நம்பினேன். அவளுக்கு நான் யாரும் இல்லை என்று நம்பினேன். அதனால்தான் சரணைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன். அவளைப் பற்றிக் கேட்கப் பயம். ஒரு வருடம் முழுக்க என் மகளைத் தப்பாகப் புரிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வரி எழுதியிருந்தால் போதுமே.

கோபத்தோடு எழுத ஆரம்பித்தேன். இப்போது கோபம் இல்லை. வார்டில் ராஜினாமா கொடுத்துவிட்டேன். ஜூலை முதல் வாரம் வந்துவிடுவேன். அடையாறில் முன்பு வேலை பார்த்த மருத்துவமனையிலேயே எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். உடன் படித்தவள் ஒருத்தி வேளச்சேரியில் ஃப்ளாட் பார்த்துத் தருகிறேன் என்றாள். வந்ததும் இருவரையும் அங்கே அழைத்துப் போய்விடுகிறேன். நிஷா வீட்டுக்கு வரட்டும். நீங்கள் மிக்ஸியைக் கீழே இறக்கலாம். இனி உங்களுக்குத் தொந்தரவு இருக்காது.

உங்கள்
ப்ரியா


தியாகராய நகர்
12 மே 2024

ப்ரியா கண்ணு,

நீ சுகமாக இருக்க வேண்டும். இங்கே நான்கு பேர் சுகம், ஐந்தாவது ஆளும் வந்தாயிற்று. நிஷா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள். மார்க்கும் நல்லபடியாக வந்திருக்கிறது. கெமிஸ்ட்ரியிலும் அவள் பயந்த அளவுக்கு மோசமில்லை.

அவளைக் கூப்பிட நானே பாலவாக்கம் போனேன். கடற்கரையில் உட்கார்ந்தோம். "ஒரு தடவைகூட போகாதன்னு சொல்லலையேம்மா" என்றாள்.

"சொன்னா நீ இருந்திருப்ப. இருந்தா படிக்க முடியாது. அதான் சொல்லல."

"எனக்கு அது எப்படித் தெரியும்? நான் போனா உனக்கு நிம்மதின்னு நினைச்சேன்."

அந்தப் பிள்ளையும் உன்னைப் போலவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் சொல்லாமல் விட்டால் அவரவர் நல்லபடியாக இருப்பார்கள் என்று எண்ணினேன். நீங்கள் இருவரும் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டீர்கள். அங்கிருந்து எழுந்து வரும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். சின்ன வயதுக்குப் பிறகு அப்படி நடந்ததில்லை. வீட்டுக்கு வந்ததும் சரண் அவளிடம் வாசலிலேயே "பட்டுச் சேலைகள் இரண்டாம் தளம்" என்றான். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவனைக் கட்டிக்கொண்டாள்.

ஷ்ரேயா கதவில் நின்றதை ஏன் எழுதவில்லை என்று கேட்டாய். எழுதினால் நீ அடுத்த விமானத்தில் வந்துவிடுவாய் என்று தெரியும். அப்போது நீ இருந்த நிலைமையில், போன காரியம் பாதியில் நின்று, அதையும் உன் தோல்வியாக எடுத்துக்கொள்வாய் என்று பயந்தேன். ஆரம்பத்தில் அது உண்மை. அப்புறம் வேறு ஒரு பயமும் சேர்ந்துகொண்டது. நீ வந்தால் இவர்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாய். அதை என்னிடமே நான் சொல்லிக்கொள்ளவில்லை. செங்கல்பட்டு என்று நீ எழுதிய அன்றுதான் எனக்கே தெரிந்தது. நீ தொந்தரவு, தொந்தரவு என்று எழுதுகிறாய். ப்ரியா, இது தொந்தரவுதான். முதுகு வலிக்கிறது. சில நாள் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா நின்றிருக்கிறேன். ஆனால் இவர்கள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன், என்னால் முடியவில்லை.

இத்தனை வருடத்தில் நாத்தனார் என்று உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இப்போது ஒன்று கேட்கிறேன். வேளச்சேரிக்குப் போகாதே. மழை வந்தால் அங்கே படகில்தான் வர வேண்டும். நீ அவர்களுடைய அம்மா, உன் வீட்டில் உன்னோடுதான் இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் நடந்து வரும் தூரத்தில் இரு. நீ ட்யூட்டிக்குப் போகும்போது இங்கே விடு, வந்ததும் கூட்டிக்கொண்டு போ. முடியாத நாளில் விட்டுவிட்டுத் தூங்கு.

உன்னைக் கேட்காமல் உன் அண்ணன் ஒரு வேலை செய்துவிட்டார். பின் தெருவில், வண்டி போகாத சந்துக்குள், தரைத் தளத்தில் ஒரு வீடு காலியாக இருந்தது. போன வாரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனோம். சரண் ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டு அணைத்தான். ஷ்ரேயா நேராகப் பின் அறைக்குப் போனாள். பழைய சிவப்பு சிமெண்ட் தரை, குளுகுளுவென்று இருந்தது. குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டாள். கூப்பிட்டால் எழுந்திருக்கவில்லை. காதைப் பொத்தவும் இல்லை.

வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாப்பா பேசாதா சார்?" என்று கேட்டார்.

"பேச மாட்டா" என்றார் உன் அண்ணன். "ஆனா வீடு புடிச்சிருக்குன்னு சொல்லிட்டா. சாவியக் குடுங்க."

அவளை எழுப்ப மனமில்லாமல் நாங்களும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டோம். வெளியே இருட்டும் வரை யாரும் எழுந்திருக்கவில்லை.

பயணத்துக்குச் சாமான் அதிகம் கட்டாதே. பாத்திரம் பண்டம் எல்லாம் நான் எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்
அண்ணி